தண்ணீர் நிற்காத நிலம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். மகள் எழுதித் தருகிறாள் என்று நினைத்துவிடாதே. அவள் கீழே தையல் மிஷினில் இருக்கிறாள், சத்தம் கேட்கிறது. பேனா என் கையில்தான் இருக்கிறது. இதுவரை எழுதியதற்கே இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆகட்டும். ஓய்வு பெற்றவனுக்கு என்ன அவசரம்?

எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறது. உன் இரத்த அழுத்தம் இப்போது எப்படி? உன் மனைவிக்கு இடுப்புவலி குறைந்ததா?

எழுபத்தொரு வயதில் எழுத்து எப்படி வந்தது என்று கேட்பாய். காதுக்கு வாங்கிய சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டு மருந்துக்கடையில் போய் நின்றேன். கடைக்காரம்மா கண்ணைக் கழுவிவிட்டு, பிறகு திட்டினார். "பெரியவரே, நாளைக்கு மத்தியானம் கடை சாத்தினதும் வாங்க. எழுத்து சொல்லித் தரேன். நீங்க குருடாப் போனா என் கடை பேர்தான் கெடும்." அதிலிருந்து ஐந்து மாதம். மருந்து அட்டைப் பெட்டிகளைப் பிரித்து உட்பக்கத்தில் எழுதிப் பழகினேன். இருமல் மருந்துப் பெட்டிதான் பெரியது, எழுத வசதி.

அப்பா போனதும் மதகுக்கு ஒருவன், பள்ளிக்கூடத்துக்கு ஒருவன் என்று ஆனோம். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. முப்பத்து நாலு வருடம் மதகுச் சக்கரத்தைத் திருகினேன். தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று போனில் சொல்வேன், ஆபீசில் யாரோ பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். உன் கடிதங்களை மகள் வாசித்துக் காட்டுவாள். கடைசியில் இருக்கும் உன் கையெழுத்தை மட்டும் நானே வாங்கிப் பார்ப்பேன். ஒரு வாத்து தண்ணீரில் போகிற மாதிரி இருக்கும். இப்போதுதான் தெரிகிறது, அது வாத்து இல்லை, உன் பெயர்.

பதில் போடு. பெரிய எழுத்தாகப் போடு. நானே வாசிக்கப் போகிறேன்.

உன் அண்ணன்

பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். "எங்க அண்ணன் எழுதியிருக்கார்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவருக்கும் உடம்பு பரவாயில்லை. அழுத்த மாத்திரை இரண்டாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு விஷயம். நான் இருக்கும் அனுமதிப் பிரிவுக்கு நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சதுப்பு நிலத்தைப் பற்றி ஒரு கோப்பு வந்திருக்கிறது. அங்கே அடுக்குமாடி கட்ட அனுமதி கேட்கிறார்கள். மதகின் பழைய பதிவேடுகளைக் கரையான் அரித்துவிட்டது. பதிவேடு இல்லாவிட்டால், அங்கே வேலை பார்த்தவர் தரும் வாக்குமூலம் போதும் என்று விதி. உங்களைவிட அனுபவம் யாருக்கு உண்டு? அளவையாளர் ஒருவர் காகிதத்தோடு வருவார்.

இனிமேல் கைநாட்டு வேண்டாம் அண்ணா. பேனாவிலேயே கையெழுத்துப் போடுங்கள். அரசாங்கக் காகிதத்தில் உங்கள் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நம் பெண் பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை யார் துணையும் இல்லாமல் வாசித்தேன். ஒரு காலை முழுதும் ஆனது. மகள் இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். "கிட்ட வராதே" என்று விரட்டிவிட்டேன். உனக்கு மாத்திரை இரண்டாகிவிட்டதே என்றுதான் கொஞ்சம் கவலை. உப்பைக் குறை.

அளவையாளர் நேற்று வந்தார். சின்ன வயது, ஷூவெல்லாம் சேறு. பையைத் திறந்ததும் முதலில் மைப்பெட்டியை எடுத்து வைத்தார்.

"தம்பி, அதை உள்ளே வைங்க" என்றேன்.

"உங்களுக்கு எழுதத் தெரியாதுன்னு சொன்னாங்களே?"

"போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

அவர் சிரித்தார். மைப்பெட்டியை எடுக்கும்போது வாடியிருந்த அவர் முகம் ஆசுவாசப்பட்டது போல எனக்குத் தோன்றியது. நான்கு பக்கக் காகிதம். முதல் வரியை விரல் வைத்து வாசித்தேன். "முப்பத்து நான்கு ஆண்டுகள் மதகுக் காவலராகப் பணியாற்றிய நான்" என்று இருந்தது. தம்பி, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் என்று அச்சில் என்னைப் போட்டிருக்கிறார்கள். அடுத்த வரிக்குப் போவதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவரைக் காக்க வைப்பது மரியாதை இல்லை. நாலாவது பக்கத்தில் கீழே உன் வாத்து இருந்தது. "தயாரித்தவர்" என்பதற்குப் பக்கத்தில். அதற்குமேல் நான் எதை வாசிக்க வேண்டும்? நாலு பக்கத்திலும் போட்டேன். கடைசி ஒன்று உன் கையெழுத்துக்கு ஒட்டினாற்போல் விழுந்தது.

ஒரு நகல் கேட்டேன். "எதுக்குப் பெரியவரே?" என்றார். வாசித்துப் பழக என்றேன். யோசித்துவிட்டுத் தந்தார். இனி மருந்து அட்டை வேண்டாம், பாடப் புத்தகம் கிடைத்துவிட்டது.

எல்லாருக்கும் என் அன்பு.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

காகிதம் வந்து சேர்ந்தது. கையெழுத்து தெளிவாக இருக்கிறது. உப்பைக் குறைத்துவிட்டேன்.

நகலை வாசித்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அது வெறும் ஆபீஸ் மொழி. நல்ல கதைப் புத்தகமாக அனுப்புகிறேன்.

இந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்னாலேயே நீங்களும் பிள்ளையும் இங்கே வந்துவிடுங்கள். மூன்று நாலு மாதம் இருக்கலாம். எங்களுக்கும் பேச்சுத் துணையாக இருக்கும்.

தம்பி

ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

கதைப் புத்தகம் வந்தது. படம் நிறைய, எழுத்து குறைவு. என்னை நாலாம் வகுப்பில் போட்டுவிட்டாய். உடம்பு நன்றாக இருக்கிறது. நீ வரச் சொன்னதை மகளிடம் சொன்னேன். "முப்பது வருஷத்துல ஒரு தடவை கூப்பிடாத சித்தப்பா இப்ப நாலு மாசம் வந்து இருங்கன்னா, என்ன விசேஷம்?" என்றாள். அவளுக்கு எப்போதும் நாக்கில் ஊசி. நூல் கோத்துக் கோத்து அப்படி ஆகிவிட்டது.

நான் நகலையும் விடவில்லை. நாளுக்கு ஒரு வரி. முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டேன். அங்கே ஒரு பிழை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். "கடந்த முப்பது ஆண்டுகளில் மேற்படி நிலத்தில் தண்ணீர் நின்றதை நான் பார்த்ததில்லை" என்று அடித்திருக்கிறார்கள். "நின்றதை" என்பது "நிற்காத ஆண்டை" என்று இருந்திருக்க வேண்டும். தட்டச்சு செய்தவர் தூக்கக் கலக்கத்தில் அடித்திருப்பார். நான்தான் வாசிக்காமல் போட்டேன், நான் புதுசு. நீ பழசாயிற்றே, நீயும் வாசிக்காமலா போட்டாய்? சிரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த வரியை மட்டும் திருத்தச் சொல்லிவிடு. தெருத் தண்ணீர் முழுதும் மதகு வழியாக அந்தப் பள்ளத்துக்குத்தான் போகிறது என்று உனக்குத் தெரியாததா? சின்ன வயதில் அதில் விழுந்து என் தோளில் வீட்டுக்கு வந்தவன் நீ.

சதுப்பின் கரையில் லாரிகள் வந்து மண் கொட்டுகின்றன. எதற்கென்று கேட்டால் பாதைக்கு என்கிறார்கள்.

திருத்தியதும் எழுது.

அண்ணன்

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதம் கிடைத்ததா? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ? தபால்காரரை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறேன். என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

இப்போது வேகமாக வாசிக்கிறேன். மூன்றாம் பக்கம் நாலே நாளில் முடிந்தது. முடிந்திருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. "மதகு பயன்பாட்டில் இல்லை. அதை மூடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை." இரண்டு வரியிலும் பிழை வருமா? கடைக்காரம்மாவிடம் கொண்டுபோய், நான் தப்பாக வாசிக்கிறேனா என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை பார்த்தார். "நல்லாத்தான் வாசிச்சிருக்கீங்க" என்றார். அவர் பாராட்டி எனக்குச் சந்தோஷம் வராதது அதுவே முதல் தடவை.

முப்பது வருடம் தண்ணீர் நிற்காத நிலம் சதுப்பு நிலம் ஆகாதாம், அதில் மண் கொட்டிக் கட்ட அனுமதி கொடுக்கலாமாம். அவர்தான் விளக்கினார். அதற்கு ஆதாரம் நான்.

நேற்று மதகுக்குப் போனேன். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் என் உயரத்துக்கு மண். அனுமதி வந்துவிட்டதா என்று காவலாளியிடம் கேட்டேன். "வந்துடும் பெரியவரே, வர்றதுக்குள்ள வேலையை ஆரம்பிச்சாத்தானே முடியும்" என்றான்.

நீ அந்தக் காகிதத்தைப் பார்த்தாயா இல்லையா? அதை மட்டும் எழுது.

அண்ணன்

ஜூன் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும், ஆபீசில் தணிக்கை நடந்தது. உங்கள் முழங்காலுக்கு இங்கே நல்ல மருத்துவர் இருக்கிறார், பேசி வைத்திருக்கிறேன்.

உங்களுக்காக முன் அறையைக் காலி செய்துவிட்டோம். ஜன்னல் பக்கம் தையல் மிஷின் போட இடம் அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. பிள்ளையின் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். கொண்டு வர முடியாததை மாடியில் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். கட்டில்கூட. ஜூலைக்குள் வந்துவிடுங்கள். ஆகஸ்ட் வரை இழுக்க வேண்டாம்.

உங்கள் பயணச்சீட்டு இதில் இருக்கிறது.

தம்பி

ஜூலை 5

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முழங்காலைப் பற்றி இருக்கிறது, ஜன்னலைப் பற்றி இருக்கிறது. நான் கேட்டது அதில் எங்கேயும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதபோது, எழுதாததையும் வாசிக்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. கட்டிலை மாடியில் ஏற்று என்று ஒருவன் எழுதினால், அவனுக்குத் தண்ணீர் எதுவரை வரும் என்று தெரிந்திருக்கிறது.

மகள் வாசித்துவிட்டு, கடிதத்தை மடித்து என் கையில் வைத்துவிட்டு மிஷினுக்குப் போய்விட்டாள்.

வார்டு அலுவலகச் சுவரில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துப் போனால்தான் வாசிக்க முடியும். நான் மெலிந்தவன், போய்விட்டேன். ஆட்சேபணை இருப்பவர்கள் ஆகஸ்ட் பத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். பதினான்காம் தேதி விசாரணை. தெருவில் பதினெட்டு வீட்டிலும் சொன்னேன். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இஸ்திரிக்காரர் கேட்டார், "ஏன் பெரியவரே, தண்ணியே நிக்காதுன்னு எழுதிக் குடுத்ததே நீங்கதானாமே? இப்ப நீங்களே மணி அடிக்கிறீங்க?" கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். முடியாது. அது என்னுடையதுதான்.

கடைக்காரம்மா ஒன்று சொன்னார். கைநாட்டு வைப்பவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டுமாம், வாசித்துக் காட்டினேன் என்று இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவில் போட்டால் அதெல்லாம் வேண்டாமாம். பேனாவில் போடு என்று எழுதியபோது இது உனக்குத் தெரியுமா?

பூசி மெழுகாமல் எழுது. பயணச்சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன்.

அண்ணன்

ஜூலை 23

அண்ணா,

இதை வாசித்ததும் கிழித்துவிடுங்கள். பிள்ளையிடமும் காட்ட வேண்டாம்.

தெரியும். அதற்காகத்தான் பேனாவில் போடச் சொன்னேன். சாட்சிகள் முன்னால் அந்த இரண்டாம் பக்கத்தை வாசித்திருந்தால் நீங்கள் அளவையாளரை எழுப்பி அனுப்பியிருப்பீர்கள்.

பதிவேடுகளைக் கரையான் அரிக்கவில்லை. அரித்ததாக எழுதியவன் நான். நீங்கள் போனில் சொன்ன அளவெல்லாம் அதில் இருந்தது, வருடா வருடம். கோப்பு மூன்று தடவை மேலே போய்த் திரும்பி வந்தது. ஒரு வழி கண்டுபிடி, இல்லையென்றால் எல்லைப்புற அலுவலகத்துக்குப் போ என்றார்கள். எனக்கு ஓய்வுக்குப் பதினோரு மாதம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த வழி நீங்கள்தான் அண்ணா.

எங்கள் பொறியாளர் கோப்பில் ஒரு குறிப்பு வைத்திருந்தார். மண் மேடாகி மதகும் அடைபட்டால் தண்ணீர் போக இடமில்லை, முதல் பெரிய மழையிலேயே தெருவுக்குத் திரும்பும், ஜன்னல் உயரத்துக்கு மேல் நிற்கும் என்று. அந்தத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். மேஜைக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். தினமும் திறந்து பார்க்கிறேன்.

விசாரணை கண்துடைப்பு. அனுமதி எழுதித் தயாராக இருக்கிறது. ஆட்சேபணை எதுவும் நிற்காது, உங்கள் வாக்குமூலம் அவ்வளவு உறுதியாக இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். நீங்கள் இருவர் மட்டுமாவது.

தம்பி

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தையல் மிஷினை நாலு பேர் சேர்ந்து இங்கே ஏற்றினோம். உடம்பு பரவாயில்லை, முழங்கால் பெயருக்குத்தான் இருக்கிறது. உன் மாத்திரையை விட்டுவிடாதே. இந்த நாட்களில் விடக்கூடாது.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் எடுத்தேன். பத்து நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மதகுமேல் உட்கார்ந்து சத்தமாகப் பாடம் வாசிப்பாய், நான் சக்கரத்தைத் திருகிக்கொண்டே கேட்பேன். அதெல்லாம் நினைவுக்கு வந்தது. இன்னொரு பக்கம் "நீங்கள் இருவர் மட்டுமாவது" என்ற உன் வரி. பதினெட்டு வீட்டில் எழுபத்தாறு பேர் இருக்கிறோம் தம்பி. ஜன்னல் பக்கம் அளந்த இடத்தில் எத்தனை பேரை வைப்பாய்?

முந்தாநாள் தெருவில் எல்லாரையும் கூட்டி வைத்து உன் கடிதத்தை வாசித்தேன். எழுத்துக் கூட்டவில்லை, எங்கேயும் தடுக்கவில்லை. இவ்வளவு நன்றாக நான் எதையும் வாசித்ததில்லை. முடித்ததும் இஸ்திரிக்காரர் "நீங்க மறைச்சிருந்தா எங்க வீட்டுக்கெல்லாம் தெரியாமலே போயிருக்கும்" என்றார். உன்னை ஒருவரும் திட்டவில்லை, எனக்கு முன்னால் திட்டக்கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

நேற்று வார்டு அலுவலகத்தில் ஆட்சேபணையைக் கொடுத்தேன். கையெழுத்து என்னுடையது, சொன்னது நான் இல்லை என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வருடமும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று நினைவிலிருந்து எழுதினேன். அதோடு உன் கடிதத்தையும் சேர்த்தேன். பெண் குமாஸ்தா பிரித்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஐயா, இதை எழுதினவர் உங்களுக்கு யார்?"

"கூடப் பிறந்தவன்."

"இது உள்ளே போனா அவர் வேலை மட்டும் போகாது. வழக்கு வரும். தெரிஞ்சுதான் குடுக்கிறீங்களா?"

"முழுசா வாசிச்சுட்டேன்மா" என்றேன்.

முத்திரை குத்தி ரசீது தந்தார். அவர் எழுந்து வந்து ரசீதை மடித்து என் பையில் வைத்தார்.

உன் மேஜைக்குள் இருக்கும் பொறியாளர் தாளைப் பதினான்காம் தேதி நீயே கொண்டு வந்து கொடு. யாரோ வந்து பூட்டை உடைத்து எடுப்பதைவிட அது மேல். உன் மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடு. ஆபீசிலிருந்து வேறு யாராவது வந்து சொல்லிக் கேட்க வேண்டாம். வழக்கு வந்தால் நானும் உன்னோடு வந்து நிற்பேன். அது வேறு, இது வேறு.

விசாரணைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. மழை விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டது. இங்கிருந்து பார்த்தால் கால்வாய் தெரிகிறது. மதகு வரை போன தண்ணீர், போக வழியில்லாமல் குப்பையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தெருப் பக்கமாகத் திரும்பி வருகிறது. முப்பத்து நாலு வருடத்தில் அது இந்தத் திசையில் வந்து நான் பார்த்ததில்லை. பதினோரு வீட்டார் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். ஏழு வீட்டார், அரசாங்கம் பதில் சொல்லட்டும் என்று உள்ளேயே இருக்கிறார்கள். அவர்களை மேட்டுக்கு அழைத்து வர மகள் போயிருக்கிறாள். போய் வெகு நேரம் ஆகிறது. இதை முடித்துவிட்டு நானும் போகிறேன்.

நீ வந்தால் பழக்கத்தில் நேராகத் தெருவுக்குள் இறங்கிவிடாதே. மேட்டிலேயே நின்று, மருந்துக்கடையில் எங்களை விசாரி. அன்றைக்கு நாங்கள் எங்கே இருப்போம் என்று இப்போது எழுத முடியவில்லை.

உன் அண்ணன்